பக்ஷபாதம் என்னும் பழி

நீதிஸ்தலத்தில் ஒரு வக்கீல் எழுந்து தம்முடைய வழக்கை எடுத்துரைக்கிறார். உடனே எதிர்த் தரப்பார் துள்ளி எழுந்து, "கனம் நீதிபதி அவர்களே! இந்த மனிதர் தம் கட்சிக்காரருக்குச் சாதகமாகவே பேசுகிறார். இது பெரிய பக்ஷபாதம்!" என்று ஓலமிட்டால் எப்படி இருக்கும்? கோர்ட்டு முழுவதும் சிரிக்கும். வாசலில் நிற்கும் டபேதார்கூடச் சிரிப்பான். ஆனால் உலக தேசங்கள் யாவும் கூடுகிற மகா சபைகளில் இந்த ஓலம் ஆண்டுதோறும், சில சமயம் நாள்தோறும், எழுந்து கொண்டிருக்கிறது. அங்கே யாரும் சிரிப்பதில்லை. எல்லோரும் முகத்தை மிகவும் கம்பீரமாக வைத்துக் கொள்கிறார்கள்.

நேயர்கள் பத்திரிகைகளில் அடிக்கடி பார்த்திருப்பார்கள். ஜெனீவாவிலோ நியூயார்க்கிலோ ஒரு தீர்மானம் நிறைவேறுகிறது. அல்லது ஓர் அறிக்கை வெளியாகிறது. கண்டனத்துக்கு உள்ளான சர்க்கார் உடனே பதில் சொல்கிறது: "இது ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தின் அபிப்பிராயமே அன்று. இன்ன சங்கத்தார் எழுதிக் கொடுத்ததை அப்படியே வாசித்திருக்கிறார்கள். இதில் அரசியல் நோக்கம் இருக்கிறது." அடுத்த மாதம் அதே சங்கத்தார் பகை நாட்டைக் கண்டித்து ஓர் அறிக்கை வெளியிட்டால், அதே சர்க்கார், "நடுநிலை தவறாத நிபுணர்களே சொல்லிவிட்டார்கள், பார்த்தீர்களா?" என்று பூரித்துப் போகிறது. இந்த வித்தையில் பெரிய தேசம், சிறிய தேசம் என்ற வித்தியாசமில்லை. ஜனநாயகம், சர்வாதிகாரம் என்ற வித்தியாசமும் இல்லை.

இந்தச் சங்கங்கள் யாவை? மனித உரிமை, சமாதானம், அடிமை ஒழிப்பு, பெண்கள் முன்னேற்றம், மதம், வியாபாரம் என்று ஏதேனும் ஒரு காரியத்தை எடுத்துக் கொண்டு, எந்த சர்க்காரையும் சாராமல், அல்லது சாராதவையாகச் சொல்லிக் கொண்டு, வேலை செய்பவை. ஐக்கிய நாடுகளின் சாஸனத்தில் 71-ஆவது ஷரத்து, பொருளாதார சமூக கவுன்ஸில் இத்தகைய சங்கங்களைக் கலந்து ஆலோசிக்கலாம் என்று அனுமதி தருகிறது. இந்த ஆலோசனை அந்தஸ்தைப் பெற்ற சங்கங்கள் இப்போது ஆறாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. அவற்றுக்கு வாக்கு இல்லை. மண்டபத்தில் நுழையலாம், எழுத்து மூலம் அறிக்கை கொடுக்கலாம், சில சபைகளில் இரண்டொரு நிமிஷம் பேசலாம். அவ்வளவுதான். ஆனால் தாழ்வாரத்தில் நின்று பிரதிநிதிகளின் காதில் ஓதுவதற்கு மட்டும் கால வரம்பு கிடையாது!

இந்த ஷரத்துப் பிறந்த காலத்துக் கதை நமக்கு மிகவும் நெருக்கமானது. 1945-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஸான்பிரான்ஸிஸ்கோ நகரில் சாஸனம் வகுக்கும் மகாநாடு கூடிற்று. அமெரிக்க சர்க்கார் தம் தேசத்திலுள்ள 42 சங்கங்களை ஆலோசகர்களாக அழைத்திருந்தார்கள். சாஸனத்தில் மனித உரிமைகளைப் பற்றிய வாசகங்கள் இடம் பெற்றதில் அந்தச் சங்கத்தாரின் விடாப்பிடிக்கு நல்ல பங்கு உண்டு. அப்போது இந்தியாவின் பெயரால் ஆசனத்தில் அமர்ந்திருந்தவர்கள் பிரிட்டிஷ் ஆட்சியார் நியமித்த பிரதிநிதிகள். ஸர் ஆற்காடு ராமசாமி முதலியார் அவர்களுக்குத் தலைவர். வெளியே, ஆசனமும் இல்லாமல், அழைப்பும் இல்லாமல், ஸ்ரீமதி விஜயலக்ஷ்மி பண்டிட் நின்று கொண்டிருந்தார். அவருடைய சகோதரர் ஜவாஹர்லால் நேரு அச்சமயம் சிறையில் இருந்தார். அமெரிக்காவில் வசித்த இந்தியர்களின் சங்கங்கள் ஸ்ரீமதி பண்டிட்டுக்குத் துணை நின்றன. "உள்ளே இருப்பவர்கள் இந்திய மக்களின் பிரதிநிதிகள் அல்லர்" என்று மகாநாட்டுக்கு அவர் மகஜர் கொடுத்தார். பத்திரிகை நிருபர்களைக் கூட்டிப் பேசினார்.

அவர் செய்தது பக்ஷபாதமா? சந்தேகம் என்ன, பக்ஷபாதந்தான்! ஒரு பக்ஷத்துக்காகப் பேசுவதற்கென்றே அவர் அங்கே இருந்தார். அதை மறைக்கவும் இல்லை. ஆனால் அவர் சொன்ன வார்த்தை மெய்யாக இருந்தது.

காலத்தின் விளையாட்டைப் பாருங்கள். 1946 ஜனவரியில், பிற்பாடு இத்தனை சங்கங்களுக்கும் கதவு திறந்துவிட்ட அந்தப் பொருளாதார சமூக கவுன்ஸிலுக்கு முதல் தலைவராக ராமசாமி முதலியாரே தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே ஆண்டின் இறுதியில், வாசலில் நின்ற விஜயலக்ஷ்மி பண்டிட் இந்தியப் பிரதிநிதிக் குழுவின் தலைவராக உள்ளே வந்து அமர்ந்தார். பதினெட்டு மாதங்களில் வாசல், கூடமாக மாறிவிட்டது!

கூடத்தில் அமர்ந்ததும் அவர் எடுத்த முதல் பெரிய வழக்கு தென்னாப்பிரிக்க இந்தியர்களுடையது. இந்தியர்கள் இன்ன இடத்தில்தான் நிலம் வாங்கலாம், இன்ன இடத்தில்தான் குடியிருக்கலாம் என்று அந்நாட்டு சர்க்கார் 1946-இல் சட்டம் செய்திருந்தனர். டர்பன் நகரில் இந்தியர்கள் சத்தியாக்கிரகம் செய்து சிறை புகுந்தார்கள். கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிப் போன தமிழ்க் குடும்பங்களின் சந்ததியார் அவர்களில் ஏராளம். தென்னாப்பிரிக்க இந்தியக் காங்கிரஸின் தூதர்களும், ஆப்பிரிக்க தேசியக் காங்கிரஸின் தலைவர் டாக்டர் ஜூமாவும் நியூயார்க்குக்கு வந்து, நமது குழுவினருக்கு விவரங்களை எடுத்துக் கொடுத்தார்கள். தளபதி ஸ்மட்ஸ் எழுந்து, "இது எங்கள் உள்நாட்டு விவகாரம், இதில் தலையிட இந்தச் சபைக்கு அதிகாரம் கிடையாது" என்று வாதாடினார். 1946 டிசம்பர் 8-ஆம் தேதி நமது தீர்மானத்துக்குச் சாதகமாக 32 வாக்குகளும் பாதகமாக 15 வாக்குகளும் விழுந்தன. சங்கத்தாரின் தூண்டுதல், அரசியல் நோக்கம், உள்நாட்டு விவகாரம் என்ற வாதங்களெல்லாம் அன்று நம்மை நோக்கி எறியப்பட்டவை என்பதை நேயர்கள் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும். பின்னால் அவை வேறொரு திசையில் பறக்கப் போகின்றன.

டர்பன் சத்தியாக்கிரகத்தில் சேர்ந்து மூன்று மாதம் சிறைவாசம் செய்தவர்களுள் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியாரும் இருந்தார். அவர் பெயர் மைக்கேல் ஸ்காட். வெளியே வந்ததும் அவரை வேறொரு ஜனங்கள் தேடிக் கொண்டார்கள். தென்மேற்கு ஆப்பிரிக்காவில் ஹெரேரோ என்று ஒரு குலத்தார் உண்டு. 1904-இலிருந்து 1908 வரையில் ஜெர்மானியர் அவர்களைக் கொன்று குவித்தனர். எஞ்சியவர்களில் சிலர் பாலைவனத்தைக் கடந்து அண்டை நாடான பெச்சுவானாலாந்தில் தஞ்சம் புகுந்தனர். முதல் மகா யுத்தத்துக்குப் பிறகு அந்தப் பூமியை மேற்பார்க்கும் பொறுப்புத் தென்னாப்பிரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்டது. 1946-இல் ஸ்மட்ஸ், "அதை எங்கள் நாட்டோடு சேர்த்துக் கொள்கிறோம், அங்குள்ள ஜனங்களும் அதையே விரும்புகிறார்கள்" என்றார். ஹெரேரோக்கள் விரும்பவில்லை. அதை உலகத்துக்குச் சொல்ல அவர்களுக்கு வழியும் இல்லை. தலைவர் ஹோசியா குட்டாகோவும், பெச்சுவானாலாந்தில் இருந்த பிரெடரிக் மஹரேரோவும் ஸ்காட் பாதிரியாரிடம் மனுக்களை ஒப்படைத்து, "எங்களுக்காகப் போய்ப் பேசுங்கள்" என்று கேட்டுக் கொண்டார்கள்.

ஸ்காட் 1947-இல் நியூயார்க் சேர்ந்தார். அவர் எந்த சர்க்காரின் பிரதிநிதியும் அல்லர். ஆகவே அவருக்கு ஆசனமில்லை. இரண்டு ஆண்டுகள் வாசல் வாசலாக ஏறி இறங்கினார். இந்தியப் பிரதிநிதிகள் அவருக்குக் கை கொடுத்தார்கள். கடைசியில் 1949 நவம்பரில் ஜெனரல் அசெம்பிளியின் நான்காவது கமிட்டி அவரைப் பேச அனுமதித்தது. தென்னாப்பிரிக்கப் பிரதிநிதிகளுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஒரு தனி மனிதர், ஒரு கலகக்காரர், சுதந்திர நாடு ஒன்றின்மீது குற்றம் சாட்டுவதா என்று சீறி, அந்த விவாதத்தில் கலந்து கொள்ளவே மறுத்துவிட்டார்கள்.

அவர் பேசிய பேச்சினால் உடனே எதுவும் நடந்துவிடவில்லை. ஆண்டுக்கு ஆண்டு அவர் வந்து கொண்டே இருந்தார். ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம் 1950-இல், அந்நாட்டின்மீது ஐக்கிய நாடுகளுக்கு மேற்பார்வை உண்டு என்றது. இத்தகைய மனுதாரர்களை நேரில் அழைத்து விசாரிப்பது சட்டப்படி சரியே என்று 1956-இல் சொல்லிற்று. 1971-இல் தென்னாப்பிரிக்கா அங்கே இருப்பதே சட்ட விரோதம் என்று அபிப்பிராயம் வழங்கியது. 1990 மார்ச் 21-ஆம் தேதி நமீபியா என்ற பெயருடன் அந்நாடு சுதந்திரம் பெற்றது. குட்டாகோ 1970-இலும், ஸ்காட் 1983-இலும் காலமாகிவிட்டனர். கட்சிக்காரரும் தீர்ப்பைக் காணவில்லை; வக்கீலும் காணவில்லை.

ஸ்காட் பாதிரியாரைப் பக்ஷபாதி என்று யாரும் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் அவர் கையில் இரண்டு வஸ்துக்கள் இருந்தன. ஒன்று வக்காலத்து: இன்னாருக்காகப் பேசுகிறேன் என்பதற்கு அவர்களே கொடுத்த மனுக்கள். மற்றொன்று சாட்சியம்: எவரும் எடுத்துப் பார்த்துச் சரி பிழை சொல்லக்கூடிய சரித்திரமும் தஸ்தாவேஜுகளும். இந்த இரண்டும் இருக்கிறவரையில் பக்ஷபாதம் என்பது குற்றமே ஆகாது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும், நடுநிலை என்ற பட்டுப் பீதாம்பரத்தை எத்தனை சுற்றுச் சுற்றிக் கொண்டாலும் பயனில்லை.

வக்காலத்தை மறைத்தவர்களின் கதையையும் சொல்ல வேண்டும். 1967-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்கப் பத்திரிகை ஒன்று அணைக்கட்டில் முதல் ஓட்டையைப் போட்டது. அமெரிக்க மாணவர் சங்கம் ஒன்றுக்கு அந்நாட்டு ரகசிய இலாகாவான ஸி. ஐ. ஏ. பல ஆண்டுகளாகப் பணம் கொடுத்து வந்ததை அது அம்பலமாக்கிற்று. பிறகு பிற பத்திரிகைகளும் துருவத் தொடங்கவே, ஒன்றன்பின் ஒன்றாகப் பல சங்கங்களின் கணக்குகள் வெளிச்சத்துக்கு வந்தன. ஜெனீவாவிலிருந்து நடந்து வந்த சர்வதேச சட்ட நிபுணர் கமிஷனுக்கும் அந்தப் பணம் வேறொரு பெயருள்ள நிதியின் வழியாக வந்திருந்தது தெரிந்தது. இந்தக் கமிஷனார் பொதுவுடைமை நாடுகளை மாத்திரம் கண்டித்தவர்கள் அல்லர். தென்னாப்பிரிக்காவின் நிறவெறிச் சட்டங்களையும் ஆராய்ந்து 1960-இல் நூல் வெளியிட்டவர்கள். அவர்கள் எழுதியவற்றில் மெய்யானவை ஏராளம். இருந்தும் என்ன? பால் நல்ல பால்தான். பாத்திரத்தின் அடியில் என்ன இருந்தது என்று தெரிந்தபிறகு யார் வாயில் வைப்பார்கள்? அவர்களால் கண்டிக்கப்பட்ட கொடுங்கோலர் அனைவருக்கும் அன்று ஓசியில் ஒரு கவசம் கிடைத்தது.

இதன் பலனாக 1968-இல் பொருளாதார சமூக கவுன்ஸில் விதிகளைத் திருத்தியது. ஆலோசனை அந்தஸ்து வேண்டும் சங்கங்கள் தங்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று காட்ட வேண்டும்; எந்த சர்க்காரிடமிருந்தேனும் உதவி பெற்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று ஏற்பட்டது. விதி நல்ல விதிதான்.

ஆயினும், விதியைச் செய்தவனைவிட அதைத் தாண்டுகிறவன் கெட்டிக்காரன் அல்லவா? 2020 டிசம்பரில் பிரஸ்ஸல்ஸ் நகரிலிருந்து, பொய்ப் பிரசாரங்களை ஆராயும் ஒரு குழு நீண்ட அறிக்கை ஒன்றை வெளியிட்டது. செத்துப்போன சங்கங்களின் ஆலோசனை அந்தஸ்தைப் புதுப்பித்து, ஜெனீவாவில் பாகிஸ்தானுக்கு விரோதமாகவும் இந்தியாவுக்குச் சாதகமாகவும் பேச வைத்தார்கள் என்பது அதன் சாரம். கூடு விட்டுக் கூடு பாயும் வித்தையை நாம் புராணங்களில் படித்திருக்கிறோம். இவர்கள் அதை ஜெனீவாவில் நடத்திக் காட்டினார்களாம். அப்படி உயிர்ப்பிக்கப்பட்டதாகச் சொல்லப்படும் சங்கங்களில் ஒன்று, 1939-இல் தொடங்கி ஐக்கிய நாடுகள் பிறப்பதற்கே பாடுபட்ட அமெரிக்கச் சங்கம். 1970-களுக்குப் பிறகு அது ஓய்ந்துவிட்டிருந்தது. அதன் முன்னாள் தலைவரான சட்டப் பேராசிரியர் லூயி ஸோன் 2006-இல் இறந்து போனார். 2007-இல் நடந்த கூட்டத்தில் அவர் கலந்து கொண்டதாகப் பதிவு இருக்கிறது என்று அந்த அறிக்கை காட்டுகிறது! இந்திய சர்க்கார்தான் இதைச் செய்தார்கள் என்று அறிக்கை சொல்லவில்லை. நமது வெளிவிவகார இலாகாவும் தனக்கு இதில் சம்பந்தமில்லை என்று மறுத்தது. ஆனால் நமக்குச் சாதகமான பொய் என்பதற்காக அதைக் கண்டு களிப்படைய முடியாது. இறந்தவர் பெயரால் தாக்கல் செய்த வக்காலத்து, நம்முடைய வழக்கில் மெய்யாக உள்ள நியாயத்தையும் சேர்த்தே கெடுக்கும்.

சாட்சியம் வரம்பு மீறினால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. அதற்கு மறுபடியும் டர்பன் நகரத்துக்கே போக வேண்டும். ஸ்காட் சத்தியாக்கிரகம் செய்த அதே டர்பனில், 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் இனவெறிக்கு எதிரான உலக மகாநாடு கூடிற்று. சர்க்கார்களின் மகாநாடு ஒரு புறம். ஆயிரக் கணக்கான சங்கத்தாரின் மன்றம் மற்றொரு புறம். பாலஸ்தீன மக்களின் துயரம் மெய்யானது. அதைப் பேச உலக மன்றம் வேண்டும் என்பதும் நியாயமே. ஆனால் அந்த மைதானத்தில் யூத குலத்தையே இழிவுபடுத்தும் துண்டுப் பிரசுரங்களும் உலவின. சங்கத்தார் வெளியிட்ட பிரகடனத்தில் இஸ்ரேலைக் குறித்து எழுதியிருந்த வார்த்தைகளோடு தங்களுக்கு உடன்பாடில்லை என்று பெரிய மனித உரிமைச் சங்கங்களே ஒதுங்கின. மகாநாட்டின் காரியதரிசியான மேரி ராபின்ஸன் அம்மையார் அதைச் சிபாரிசு செய்ய மறுத்துவிட்டார். அமெரிக்காவும் இஸ்ரேலும் வெளியேறின. அந்தக் கூச்சலில் வேறு எத்தனையோ எளிய ஜனங்களின் குரல் அமுங்கிப் போயிற்று.

அப்படி அமுங்கிய குரல்களுள் ஒன்று நம் தேசத்துக் குரல். இந்தியாவிலிருந்து தலித் சங்கத்தார் பலர் டர்பனுக்குப் போயிருந்தார்கள். பிறப்பினால் ஒருவனைத் தாழ்த்துவது எந்தப் பெயரில் நடந்தாலும் உலக சபை அதைப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். நமது சர்க்கார் எதிர்த்தனர். சாதி என்பது இனம் அன்று. தீண்டாமையை நமது அரசியல் சட்டமே ஒழித்திருக்கிறது. இந்த மகாநாட்டில் அதைப் பேசுவது பொருந்தாது என்றனர். சாதியும் இனமும் ஒன்றல்ல என்பதில் நியாயம் இருக்கலாம். ஆனால் பாட்டின் சாகித்தியம் புதிதே தவிர, ராகம் 1946-இல் ஸ்மட்ஸ் பாடிய ராகந்தான் என்பதைக் காதுள்ளவர்கள் கண்டுகொண்டிருப்பார்கள்.

அதோடு முடியவில்லை. எந்தச் சங்கத்துக்கு ஆலோசனை அந்தஸ்து கொடுக்கலாம் என்று பார்க்க 19 தேசங்கள் அடங்கிய ஒரு கமிட்டி இருக்கிறது. அங்கே ஒரு சங்கத்தை நிராகரிப்பதற்கு அதிகச் சிரமம் வேண்டியதில்லை. ஒரு கேள்வி கேட்டால் போதும். விசாரணை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திப் போகும். பதில் வந்ததும் இன்னொரு கேள்வி கேட்கலாம். கோபன்ஹேகனைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச தலித் ஒருமைப்பாட்டுச் சங்கத்தின் மனு 2008-ஆம் ஆண்டு முதல் இந்தக் கமிட்டியின் முன் கிடந்தது. இந்தியப் பிரதிநிதிகள் எழுத்து மூலம் நூற்றுக்கு மேற்பட்ட கேள்விகளைக் கேட்டார்கள். ஐக்கிய நாடுகளின் சரித்திரத்திலேயே மிக நீண்டகாலம் காத்திருந்த மனு என்ற பெயர் அதற்குக் கிடைத்தது. 2022 டிசம்பரில் பொருளாதார சமூக கவுன்ஸில் கமிட்டியைத் தாண்டி வாக்கெடுத்து அதற்கு அந்தஸ்து வழங்கிற்று. நாம் எதிர்த்து வாக்களித்தோம்.

பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பது தவறன்று. 1967-இன் அனுபவத்துக்குப் பிறகு கேட்காமல் இருப்பதுதான் தவறு. அந்நிய தேசத்துப் பணக்காரர்களும் அந்நிய சர்க்கார்களும் தங்கள் காரியத்துக்காகச் சங்கங்களைப் போஷிப்பது கற்பனையும் அன்று. ஆனால் கேள்விக்கும் தடைக்கும் வித்தியாசம் உண்டு. பதில் பெறுவதற்காகக் கேட்பது கேள்வி. பதில் வந்துவிடக் கூடாதே என்று கேட்பது பூட்டு. நூறு கேள்வி கேட்டும் ஒரு பொய்யை நிரூபிக்க முடியவில்லையென்றால், அந்தச் சங்கத்தைப் பற்றி அல்ல, கேட்டவரைப் பற்றியே ஜனங்கள் யோசிக்கத் தொடங்குவார்கள்.

"இந்தச் சங்கத்தார் தேசங்களையே ஆட்டிப் படைக்கிறார்களே!" என்று சிலர் கேட்கலாம். அணு ஆயுதம் சட்டத்துக்கு உகந்ததா என்ற வினாவைச் சர்வதேச நீதிமன்றம் 1996 ஜூலையில் விசாரித்துத் தன் அபிப்பிராயத்தைச் சொன்னபோது, நீதிபதி கியோம் இதே கவலையை வெளியிட்டார். அந்த வினாவே வக்கீல்கள், சமாதானவாதிகள் ஆகியோரின் சங்கங்கள் செய்த கிளர்ச்சியால் வந்தது என்றார். மெய்தான். ஆயினும் அசெம்பிளியில் வாக்களித்தவர்கள் சுதந்திர தேசங்களாகையால் மனுவைத் தள்ள முடியாது என்று அவரே ஒப்புக்கொண்டார். கதவைத் தட்டுவது சங்கத்தாரின் வேலை. திறப்பதும் திறக்காததும் வீட்டுக்காரர் பொறுப்பு. திறந்துவிட்டுப் பிறகு தட்டினவரைத் திட்டுவதில் பொருளில்லை.

ஆகவே அடுத்த முறை "பக்ஷபாதம்" என்ற சொல்லைப் பத்திரிகையில் பார்க்கும்போது, நேயர்கள் இரண்டு கேள்விகள் கேட்டுப் பார்க்கலாம். பேசுகிறவரின் வக்காலத்து வெளிப்படையாக இருக்கிறதா? அவர் கொண்டு வந்த சாட்சியம் பரீக்ஷைக்கு நிற்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால், அவர் நம்மைக் கண்டித்தாலும் காது கொடுத்தே ஆக வேண்டும். ஒன்றுக்கு இல்லை என்றாலும், அவர் நம்மைப் புகழ்ந்தாலும் கதவைச் சாத்திவிடலாம். அயலாருக்கு ஒரு மரக்காலும் நமக்கு ஒரு மரக்காலும் வைத்து அளப்பது நமக்கு அழகன்று. ஸான்பிரான்ஸிஸ்கோவில் வாசற்படியில் நின்று பேசித்தான் நாம் உலக சபைக்குள் வந்தோம். இன்று அதே வாசற்படியில் நம் மக்களே நின்று பேசுகிறார்கள்.